பெண்கள் தலைமைக்கு வந்தால் பல்கலைக்கழகம் வேறு மாதிரி நடக்குமா?

கொஞ்சம் மாறும். நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி, பக்கத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். ஆண், பெண் இரு தரப்புத் துறைத்தலைவர்களிடமும் வேலை பார்த்தாயிற்று.

தலைமைப் பாணி பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலிஸ் ஈக்லி, பிளேர் ஜான்சன் என்ற உளவியலாளர்கள் 1990இல் அலசினார்கள். பெண்கள் கலந்து பேசி முடிவெடுப்பது சற்று அதிகம் என்று தெரிந்தது. ஆனால் 'ஆணுக்கு வேலையில்தான் கண், பெண்ணுக்கு மனிதர்கள்மேல் அக்கறை' என்ற பேச்சு, நிஜமாகவே பதவியில் இருப்பவர்களிடம் எடுபடவில்லை.

உயர்கல்வியில் இன்னொன்றும் உண்டு. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் மண்டோர் (கங்காணி) எந்த மர நிரையைக் காட்டினாரோ அதுதான், மறுபேச்சே கிடையாது. பல்கலைக்கழகத்தில் ஒரு புலத்துக்குத் தலைவரான டீன் அப்படி நடக்க முடியாது. பதவிக்காலம் முடிந்தால் அவரும் பக்கத்து அறை விரிவுரையாளர்தானே. ஆணோ பெண்ணோ, நாலு பேரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உண்மையான வித்தியாசம் பார்க்கிறவர்கள் கண்ணில். எங்கள் பழைய தலைவர் தேர்வு மேற்பார்வைப் பட்டியலை ராத்திரி வாட்ஸ்அப்பில் போடுவார், யாரையும் கேட்கமாட்டார். 'தெளிவான மனிதர்' என்று பெயர். அடுத்து வந்த அம்மா பட்டியலை எல்லாரிடமும் சுற்றவிட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களைக் குறித்துக்கொண்டார். 'முடிவெடுக்கத் தெரியவில்லை' என்றார்கள். சரி என்று அடுத்த செமஸ்டர் அவரே பட்டியல் போட்டார். 'டாக்டருக்குத் தலைக்கனம்' என்று கேன்டீனில் பேச்சு. ஈக்லியும் ஸ்டீவன் காராவும் 2002இல் எழுதியது இந்த இரண்டு பக்க இடியைப் பற்றித்தான்.

மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு ரஃபியா சலீம் துணைவேந்தராக வந்ததே 2006இல்தான். நாட்டின் முதல் பெண் துணைவேந்தர் அவர். அதே ஆண்டு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு ஷரிஃபா ஹப்சா துணைவேந்தராக வந்தார். வகுப்பில் பெண் பிள்ளைகள் பாதிக்கும் மேல் என்பது இங்கே பழைய கதை, மேலே ஏறத்தான் இவ்வளவு நாள்.

பதவி கிடைத்தாலும் எந்தப் பதவி என்று பாருங்கள். எங்கள் கல்லூரியில் மாணவர் நலமும் தர ஆவணங்களும் பெண்களுக்கு, நிதியும் கட்டடமும் ஆண்களுக்கு. படிப்புகளின் தரத்தைப் பார்க்கிற அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் தணிக்கை நெருங்கினால் இருட்டும்வரை உட்கார்ந்து கோப்பு அடுக்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கூத்தாடித் தாள் வாங்கினால்தான் அந்த வேலை முடியும். அப்புறம் அதற்கே 'பெண்களின் தலைமைப் பாணி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.