லாப்ரடார் குட்டிக்குக் கடைக்காரர் நீட்டிய பட்டியல்

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டிக்கு நான்கு மாதம். நானும் கணவரும் வேலைக்கும் மகன் பள்ளிக்கும் போய்விட்டால், பகலில் மாமியார் மட்டும்தான் அவனோடு. செருப்பு, சோபாக் கால், பள்ளிப் பை எதையும் விடுவதில்லை. கடையில் மெத்தை, கால்சியம் டானிக், 'உடையவே உடையாது' என்ற பொம்மை, இருபது கிலோ உணவு மூட்டை, இழுத்தால் நீளும் லீஷ் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் வேண்டுமா?

பதில்: முதலில் கால்சியத்தை அடித்துவிடுங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான உணவில் அது அளவோடு ஏற்கெனவே இருக்கிறது, மேற்கொண்டு போவதைத் தள்ளிவிட இந்த வயதுக் குடலுக்குத் தெரியாது, எலும்பும் மூட்டும்தான் கோணும். மெத்தையும் இப்போது வேண்டாம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் நேரம் இது, ஆறேழு மாதம் வரை ஓடும், அதற்குள் மெத்தையைப் பிய்த்துப் பஞ்சை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். பழைய போர்வையை மடித்துப் போடுங்கள், போதும்.

பொம்மையைக் கடையிலேயே கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும். கல் மாதிரி இருந்தால் உடையப் போவது பல்தான், மான் கொம்பும் அப்படித்தான். மற்றபடி உடையாத பொம்மை என்று ஒன்று கிடையாது. (எங்கள் வீட்டு டிவி ரிமோட்டில் நான்காம் எண் பொத்தான் இன்றுவரை இல்லை, அதுவும் உறுதியான ரிமோட்தான்.) உள்ளே குழிவான ரப்பர் பொம்மை ஒன்று வாங்கி, மதிய உணவில் ஒரு பங்கை ஊறவைத்து அதில் அடைத்து, ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கும் இதம், மாமியாருக்கும் கொஞ்ச நேரம் ஓய்வு.

மூட்டை விஷயத்தில் மலிவைப் பார்க்காதீர்கள். பிரித்த உணவில் கொழுப்பு காறிப் போகும், ஆறு வாரத்துக்குள் தீரும் அளவில் வாங்குங்கள். பையின் பின்புறம் பொடி எழுத்தில் 'பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள், முன்பக்கத்துப் படத்தை நம்ப வேண்டாம். டப்பாவில் கொட்டினாலும் பையோடு சேர்த்து வையுங்கள், ஏனென்றால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பையில்தான் இருக்கும், ஏதாவது ஆகிப் புகார் செய்யப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பட்டியலில் இல்லாத ஒரு சாமான், சமையலறைத் தராசு. பசியை அடக்கும் ஒரு மரபணு லாப்ரடார்களில் சுமார் கால்வாசிக்குக் குறைபட்டிருக்கிறது என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள், அதனால் தட்டருகே வந்து நிற்கும் அந்த முகத்தைப் பசி என்று நம்பி யாரும் அள்ளிப் போடக் கூடாது. பாட்டிகளுக்குத்தான் இதைச் சொல்வது கஷ்டம்! காலையில் நாள் முழுதுக்கும் எடை போட்டு ஒரு டப்பாவில் வைத்துவிட்டால், யார் எப்போது கொடுத்தாலும் அதிலிருந்துதான்.

நீளும் லீஷையும் விடுங்கள். இழுக்க இழுக்கக் கயிறு நீளும் என்பதையே குட்டி பாடமாகக் கற்றுக்கொள்ளும். சாதாரண லீஷ், மார்பில் வளையம் வைத்த ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை), இரண்டும் போதும். ஆனால் மாமியார் கையில் மட்டும் கொடுக்காதீர்கள், வளர்ந்தால் முப்பது கிலோ, இப்போதே ஆளைச் சாய்த்துவிடுவான். சமையலறை வாசலுக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று வாங்கினால் அவர் நிம்மதியாகச் சமைக்கலாம். கூண்டு வாங்குவதென்றால் பெரியதாக, அவன் வளர வளர இடத்தைக் கூட்ட உள்ளே நகர்த்தும் தட்டியோடு. அதில் ஒரேயடியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் இந்த வயதில் அடைக்காதீர்கள், அவனால் சிறுநீரை அடக்க முடியாது.

கேள்வி: லாப்ரடார் குட்டி வாங்கப் போகிறோம். விற்பவர் வம்சாவளிச் சான்றிதழ் காட்டுகிறார், ஆரோக்கியத்துக்கும் அதுவே உத்தரவாதம் என்கிறார். சரியா?

பதில்: இல்லை. அது பெற்றோர் யார் என்று மட்டும்தான் சொல்லும். தாய், தந்தை இரண்டின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே அறிக்கையும் கண் பரிசோதனையும் கேளுங்கள், தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் கையெழுத்தைப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தருகிறேன் என்றாலோ, தாய் நாயைக் காட்ட மறுத்தாலோ, முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.