ஆப்பிள்டோர் கால்வாய் நடை: வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை

எட்டு வயதுப் பையனோடு லண்டனிலிருந்து ரயிலில் போய், ராயல் மிலிட்டரி கால்வாயை ஒட்டி வட்டமாக நடக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஆப்பிள்டோரின் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, ரோம்னி சதுப்பில் தனியே நிற்கிறது. ஊருக்கே அரை மணி நடை, அதையும் கணக்கில் சேருங்கள்.

ஊரிலிருந்து வேர்ஹார்ன் கிராமம் வரை கால்வாய்க் கரை. திரும்பும்போது கெனார்டிங்டன் கிராமம் வழியாக மேட்டுப்பாதை. மொத்தம் 10 கிலோமீட்டருக்கு மேல். பையன் சோர்ந்துவிட்டால் திரும்பவே வேண்டாம், வேர்ஹார்னுக்கு அடுத்த ஹாம் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறிவிடலாம்.

நெப்போலியனுக்குப் பயந்து 1804இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. அங்கங்கே சட்டென்று வளையும். ஒவ்வொரு வளைவிலும் பீரங்கி வைத்து அடுத்த நேர்த்துண்டு முழுக்கச் சுட முடியும். வளைவுகளைப் பையனை எண்ணச் சொல்லுங்கள், கால்வலி மறந்துவிடும்.

சதுப்பு வயல்களில் மட்டும் குறுக்கே இறங்காதீர்கள். கிட்டத்தில் தெரியும் வேலிக்கு முன்னால் ஆளை விழுங்கும் வாய்க்கால் இருக்கும். தாண்ட ஒரே ஒரு பலகைப் பாலம்தான். நான் அதைத் தவறவிட்டு, செம்மறி ஆடுகள் வேடிக்கை பார்க்க, வந்த வழியே நடந்தேன். மழைக்கு மறுநாள் என்றால் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். களிமண் ஷூவைக் கழற்றிக்கொண்டுதான் விடும்.