மகள் உகப்பாக்கம் படிக்கட்டும், அம்மா

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

கணித விசேட பட்டத்தின் இறுதி ஆண்டு ஆய்வுக்கு மகள் 'கோட்டுத் தேடல்' முறைகளை எடுக்கப்போகிறா, இதற்குக் கொழும்பில் யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரில் விளம்பரம் வராது. ஆனாலும் எடுக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

காலி வீதியில் கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். திசை சரி; எங்கே இறங்குவது? முந்தி இறங்கினால் நடை மிச்சம், கண்ணயர்ந்தால் இடம் தாண்டிவிடும். ஒரு சார்பின் மிகக் குறைந்த பெறுமானத்தைத் தேடும் கணினிக்கும் ஒவ்வோர் அடியிலும் இதே கேள்விதான். அந்தப் பெறுமானத்தைத் தேடுவது உகப்பாக்கம்; பிடித்த திசையில் எவ்வளவு தூரம் போவது என்று முடிவு செய்வது கோட்டுத் தேடல். 1966இல் ஆர்மிஜோ என்ற கணிதவியலாளர் தந்த நிபந்தனை எளிது: அடியின் நீளத்துக்கும் சரிவுக்கும் தக்க இறக்கம் கிடைத்ததா பார், இல்லையென்றால் அடியைக் குறை. அடி மிகவும் சிறுத்துவிடாமல் காக்க 1969இல் வுல்ஃப் என்ற இன்னொரு கணிதவியலாளர் மற்றொரு நிபந்தனையைச் சேர்த்தார்.

கடன் கேட்பவர் திருப்பிக் கட்டுவாரா என்று கணிக்க வங்கித்துறையில் லொஜிஸ்டிக் பின்னடைவு என்ற புள்ளிவிபர முறை வெகுகாலமாகப் பயன்படுகிறது. பைத்தன் நிரல்மொழியின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் அதை ஓட்டினால், நாம் வேறு முறை கேட்காதவரை, ஓடுவது எல்-பிஎஃப்ஜிஎஸ் என்ற உகப்பாக்க முறை. அதன் வயிற்றுக்குள் இருப்பது கோட்டுத் தேடல். ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். விடைக்கு வந்து சேராமல் நின்றுவிட்டால் ஏன் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகளின் பலம் அங்கேதான் இருக்கும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய நரம்பு வலையமைப்புகளைப் பயிற்றும்போது சரிவையே தரவின் ஒரு சிறு பகுதியிலிருந்து தோராயமாகத்தான் எடுப்பார்கள். அதனால் இந்த நிபந்தனைகள் அங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது. செயற்கை நுண்ணறிவு வேலைதான் மகளின் கனவென்றால் அங்கே பயன்படும் முறைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். 1960இல் ரோசன்புரொக் தந்த சார்பை எடுத்து, (−1.2, 1) என்ற புள்ளியில் தொடங்கி, தானே நிரல் எழுதட்டும். ஒடுங்கி வளைந்த பள்ளத்தாக்கு அது. செங்குத்தான சரிவையே ஒவ்வொரு முறையும் பிடித்து இறங்கினால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அலைந்து ஆயிரக்கணக்கான அடிகள் போகும். எல்-பிஎஃப்ஜிஎஸ்ஸுக்கு மூலமான பிஎஃப்ஜிஎஸ் முறை சில பத்து அடிகளில் (1, 1) என்ற மிகத் தாழ்ந்த இடத்துக்கு வந்துவிடும். ஏன் இந்த வித்தியாசம் என்று உங்களுக்கு விளங்கும்படி சொல்லச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் இருவருமாக வாருங்கள்; எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று பேசுவோம்.