வாசகர் கேள்வி – பதில்: தோப்புக்கு எந்த அரிவாள்?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை நானே பராமரித்து வருகிறேன். காய்ந்த மட்டையை நறுக்கவும், வேலியோரத்துச் சீமைக்கருவேலத்தை வெட்டவும், அவ்வப்போது இளநீர் சீவவும் நல்ல அரிவாள் ஒன்று வேண்டும். சந்தையில் பத்து விதமாகத் தொங்குகின்றன. திருப்பாச்சி அரிவாளைத்தான் வாங்க வேண்டும் என்று உறவினர் சொல்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: நீங்கள் சொன்ன மூன்று வேலைகளும் மூன்று விதமான வெட்டுகள். மட்டை நார் நிறைந்தது. அதற்குக் கூர்மை வேண்டும். கருவேலம் வைரம் பாய்ந்தது. அதற்குக் கனமும் உறுதியான வாயும் (வெட்டும் விளிம்பும்) வேண்டும். இளநீர் இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே கையின் கட்டுப்பாடுதான் முக்கியம். மூன்றையும் ஓரளவு நன்றாகச் செய்வது நடுத்தர அளவுள்ள வெட்டரிவாள்தான். கைப்பிடி நீங்கலாக அலகு ஓரடி நீளம், மொத்த எடை முக்கால் கிலோவுக்குள், அளவாக வளைந்த மூக்கு (முனை). என் தேர்வு இதுதான். நெல்லறுக்கும் கருக்கரிவாளும் பாளை சீவும் அரிவாளும் தத்தம் தொழிலுக்கென்றே உருவானவை என்பதால் அவற்றை இங்கே கணக்கில் எடுக்க வேண்டாம்.

முக்கால் கிலோ போதுமா என்று நீங்கள் ஐயப்படலாம். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணி, பார்வைக்குக் கம்பீரமாக இருந்த ஒன்றரை அடி அரிவாள் ஒன்றை வாங்கி, ஒரே வாரத்தில் மணிக்கட்டு வீங்கி, அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அரிவாளின் எடையை இரட்டித்தால் வெட்டின் ஆற்றல் இரண்டு மடங்குதான் ஆகும். வீசும் வேகம் இரட்டித்தாலோ அது நான்கு மடங்காகும். கனத்த அரிவாளை ஓங்கும் கை பத்தாவது வீச்சிலேயே தளர்ந்து வேகத்தை இழந்துவிடுவதால், கூடுதல் எடையால் வந்த ஆதாயம் அங்கேயே கரைந்துபோகிறது. கடையில் நின்றபடியே, சுற்றிலும் ஆளில்லாத இடமாகப் பார்த்து, இருபது முறை மெதுவாக வீசிப் பாருங்கள்; கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு அலகின் முதுகை ஒற்றை விரலில் வைத்துப் பாருங்கள். கைப்பிடியைத் தாண்டி நான்கைந்து விரற்கடை தூரத்தில் அரிவாள் சமநிலையில் நின்றால், அது வெட்டுவதற்கென்று அடிக்கப்பட்டது. கைப்பிடியை ஒட்டியே நின்றால் வெட்டில் பாரம் இறங்காது. வெகுதூரம் முன்னே போனால் ஓங்கிய அரிவாளை நிறுத்துவது கடினம்.

திருப்பாச்சி பற்றி: சிவகங்கை மாவட்டத்து அந்த ஊரின் புகழ் பொய்யன்று, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த கைகள் அங்கே உண்டு. ஆனால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கப்படுவதெல்லாம் அந்த ஊர் உலையில் காய்ந்தது என்று நம்ப வேண்டியதில்லை. மூலப்பொருள் எங்கும் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய லாரிப் பட்டை, அதாவது வண்டியின் பாரம் தாங்கும் வில் பட்டை. நூற்றுக்கு ஏறத்தாழ அரை முதல் 0.6 பங்கு வரை கரிமமும், அதனுடன் சிலிக்கனோ மாங்கனீசோ குரோமியமோ கலந்த அந்த எஃகு, வண்டியின் பாரத்தில் ஓயாமல் வளைந்து நிமிரவே செய்யப்பட்டது. அதனால் ஓங்கி வெட்டும்போது எளிதில் உடையாது. பட்டறைக்குப் பட்டறை வேறுபடுவது தோய்ச்சல். சிவக்கக் காய்ச்சிய அலகின் வாய்ப்பகுதியை மட்டும் நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, முதுகை இளக்கமாக விட்டு, பிறகு வாயின் மிதமிஞ்சிய கடினத்தை இளஞ்சூட்டில் தணிப்பவரே தொழில் தெரிந்த கொல்லர். முழு அலகையும் கடினமாக்கிவிட்டால் கருவேலக் கணுவில் பட்டு வாய் தெறிக்கும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சிறிய அரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வாயில் ஓர் இழுப்பு இழுங்கள். அரம் கண்ணாடியில் போல வழுக்கினால் வாய் தெறிக்கக்கூடியது. வெல்லத்தில் போல இறங்கினால் இரண்டே நாளில் மடங்கக்கூடியது. சற்றே முரண்டுபிடித்துக் கடித்தால் வாங்கலாம். வாயோரம் நீலம் படர்ந்திருந்தால் வேண்டாம். மின்சாணையில் மிகையாகச் சூடேற்றியதன் அடையாளம் அது. ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசில் அந்த நிறம் வரும்போது வாயின் கடினம் ஒரு பங்கு போயிருக்கும்.

அலகைவிடக் கைப்பிடியைத்தான் நான் நெடுநேரம் பார்ப்பேன். அலகின் காம்பு மரத்தினுள் முழுநீளமும் ஓடி, அடியில் வெளிவந்து மடக்கப்பட்டிருக்க வேண்டும். அலகுப் பக்கம் இரும்புப் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். உருண்டைக் கைப்பிடியில் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கைக்குத் தெரியாது. நீள்வட்டமாக இருந்தால் பார்க்காமலே தெரியும். கடைப்பகுதி சற்றுப் பருத்திருந்தால் வியர்வைக் கையிலும் நழுவாது. இரும்புக் குழாயைப் பற்றவைத்த பிடி வெட்டின் அதிர்வையெல்லாம் முழங்கை வரை கொண்டு சேர்க்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சீமைக்கருவேலத்தை அரிவாளால் ஒழிக்க முடியாது. தரைமட்டத்தில் வெட்டினால் அடியிலுள்ள மொட்டுகளிலிருந்து மீண்டும் கொத்தாகத் தழைக்கும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட தண்டுக்குக் கோடரியோ ரம்பமோ எடுங்கள். அதற்குக் குறைந்ததை நேர்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். குறுக்கே வெட்டும்போது தடுக்கும் நார், சாய்ந்த வெட்டுக்கு எளிதில் இடம்கொடுக்கும்.

கேள்வி: மலையேற்றம் செல்லும் என் மகன் நேபாளத்துக் குக்ரி, அமெரிக்கப் பாணி மச்சேட்டி இரண்டில் ஒன்றை இணையத்தில் வாங்கப் போவதாகச் சொல்கிறான். நம் அரிவாளைவிட அவை மேலா?
— வாசகி ஒருவர், தேனி

பதில்: ஒவ்வொன்றும் அதனதன் காட்டுக்குப் பிறந்தது. மச்சேட்டி லத்தீன் அமெரிக்காவின் கரும்பும் புல்லும் பச்சைக் கொடியும் வெட்ட வந்த நீண்ட, மெல்லிய தகடு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதை வைத்துக் காய்ந்த விறகை வெட்டினால் அதிர்ந்து துள்ளும். குக்ரி அதற்கு நேர்மாறு: தடித்த முதுகும் முன்னோக்கி வளைந்த வயிறும் கொண்டது, குட்டையானாலும் விறகில் ஆழ இறங்கும். நேபாளத்துக் கொல்லர்களும் அதைப் பெரும்பாலும் வாகனப் பட்டையிலிருந்தே அடிக்கிறார்கள் என்பதால், எஃகைப் பொறுத்தவரை அது நம் அரிவாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டில் ஒன்று என்றால் குக்ரி என்பேன். ஆனால் சுவரில் மாட்டுவதற்கென்று பளபளப்பாகச் செய்து, காம்பைப் பாதியிலேயே நிறுத்திப் பிசினால் ஒட்டியவையும் விற்பனைக்கு வருகின்றன. படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மேலும், காப்புக்காட்டில் மலையேற அனுமதி கிடைத்தாலும் வெட்ட அனுமதி கிடையாது. அங்கே உங்கள் மகனுக்கு ஒரு சிறு மடக்குக்கத்தி போதும்.

கேள்வி: அரிவாளை இருசக்கர வண்டியில் தோப்புக்கு எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றமா?
— வாசகர் ஒருவர், மானாமதுரை

பதில்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கோ வேளாண்மைக்கோ மட்டுமே உருவாக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் கட்டுப்படுத்தும் விதியும், வீட்டுக்கும் வேளாண்மைக்குமான கத்திகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆயினும் இரவு பத்து மணிக்கு நகரத்துச் சாலையில் உறையில்லாத அரிவாளோடு போகிறவரிடம் காவலர் கேள்வி கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சாக்கில் சுற்றிக் கட்டி, வேலை நேரத்தில் கொண்டுசெல்லுங்கள். பட்டறையில் உங்கள் பெயரும் முகவரியும் தேவையும் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

கேள்வி: இளநீர் சீவிய அரிவாள் கறுத்துவிடுகிறது. துருவா?
— வாசகி ஒருவர், பொள்ளாச்சி

பதில்: துரு அன்று. மட்டையின் துவர்ப்புச் சாறு இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது, அலகுக்குக் கேடில்லை. ஈரத்தோடு விட்டுவிட்டால்தான் செந்துரு பிடிக்கும். துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள்; வாய் மழுங்கினால் மின்சாணையைத் தேடாமல் அரத்தால் இழுத்து, சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுங்கள்.