கரும்புச் சக்கையிலேர்ந்து வர்ற சால்வென்ட் வயித்துல இருக்குற குழந்தைய பாதிக்குமா? கேள்வி பதில்

போன வாரம் டெட்ராஹைட்ரோஃபர்ஃபுரைல் ஆல்கஹால்ங்கிற சால்வென்ட் (மத்த பொருள கரைக்கிற திரவம், சுருக்கமா டிஹெச்எஃப்ஏ) பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்கள்ல முக்கியமானத மட்டும் எடுத்து பதில் சொல்றேன். கர்ப்ப காலத்துல கெமிக்கல் என்ன செய்யும்னு பாக்குற ஸ்டடி ரிப்போர்ட்டுங்கள படிக்கிறதுதான் பல வருஷமா என் வேலை.

கேள்வி: அக்கா, எங்க யூனிட்ல இத "பயோ சால்வென்ட்"னு சொல்லிதான் கொண்டு வந்தாங்க. செடியிலேர்ந்து வர்றதுன்னா சேஃப்தானே?

செடியிலேர்ந்து வர்றது உண்மைதான்மா. கரும்புச் சக்கை, மக்காச்சோளக் கதிர்ல மணிய உதிர்த்தப்புறம் மிஞ்சுற கட்டை, ஓட்ஸ் உமி, இதுல ஏதாவது ஒண்ண ஆசிட் போட்டு நீராவில வேக வச்சா அதுல இருக்குற பென்டோசான் (செடி நார்ல இருக்குற ஒரு வகை சர்க்கரைச் சங்கிலி) உடைஞ்சு ஃபர்ஃபுரல்ங்கிற திரவம் ஆகும், 1920கள்லயே அமெரிக்காவுல அயோவா பக்கம் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி ஓட்ஸ் உமில இத பெரிய அளவுல எடுக்க ஆரம்பிச்சாச்சு. அந்த ஃபர்ஃபுரல்ல ஹைட்ரஜன் ஏத்திக்கிட்டே போனா டிஹெச்எஃப்ஏ வரும். பூச்சிமருந்து கரைசல், பெயின்ட் உரிக்கிறது, க்ளீனர், சாயம் இப்படி நிறைய இடத்துல போடுறாங்க. ஆனா எங்கேர்ந்து வந்ததுங்கிறதுக்கும் கருவ என்ன செய்யும்ங்கிறதுக்கும் சம்பந்தமே கிடையாது. பருத்திக்கொட்டைல இருக்குற காசிபால் எடுத்துக்கோங்க, சீனாவுல சரியா சுத்தம் பண்ணாத பருத்திக்கொட்டை எண்ணெய்ல தினமும் சமைச்ச கிராமங்கள்ல குழந்தையே பொறக்காம போனத வச்சுதான் அது ஆம்பளைங்களோட விந்தணுவ நிறுத்துதுன்னு கண்டுபிடிச்சாங்க, 1970கள்ல 8000 பேருக்கு மேல கருத்தடை மாத்திரையா கொடுத்தும் பாத்தாங்க, சிலருக்கு பொட்டாசியம் கொறஞ்சுது, சிலருக்கு விந்தணு திரும்பி வரவே இல்ல, அதோட கைவிட்டாங்க. (எப்பவாவது ஒரு கப் பருத்திப்பால் குடிக்கிறவங்க இத படிச்சு பயப்பட வேண்டாம், அங்க நடந்தது தினசரி சாப்பாட்டு எண்ணெய்ல.)

கேள்வி: மேடம், கெமிக்கலோட ஆபத்துங்கள சொல்ற டேட்டா ஷீட்ல "ஹெச் 360 டி எஃப்"னு இருக்கு, ஒரு எழுத்து பெருசு ஒண்ணு சின்னது. அச்சுப் பிழையா?

பிழை இல்ல, ஹெச் 360ங்கிறது இனப்பெருக்கத்துக்கு ஆபத்துன்னு சொல்ற குறியீடு, அந்த ரெண்டு எழுத்துலதான் எல்லாமே இருக்கு. டி பெரிய எழுத்துன்னா வயித்துல இருக்குற குழந்தைய பாதிக்கும், அதுக்கு விலங்குகள்ல தெளிவான ஆதாரம் இருக்குன்னு அர்த்தம். எஃப் சின்ன எழுத்துன்னா குழந்தை பெத்துக்குற திறன் மேல சந்தேகம் இருக்கு, ஆனா ஆதாரம் அவ்வளவு பலமா இல்ல. ஐரோப்பாவுல இதுக்கு 1பி வகைன்னு கொடுத்திருக்காங்க. 1ஏன்னா மனுஷங்க கிட்டயே பாத்த ஆதாரம் (ஈயம் அப்படி), 1பின்னா முக்கியமா விலங்கு ஆதாரம், 2ன்னா சந்தேகம். பேரல் லேபிள்ல நெஞ்சுல நட்சத்திரம் வெடிச்ச மாதிரி ஒரு மனுஷன் படம் இருக்கும், அதையும் பாருங்க. கலவைல 0.3 சதவீதம் இருந்தாலே ஐரோப்பாவுல அந்தக் கலவைக்கும் இந்த வகைப்பாடு ஒட்டிக்கும்.

கேள்வி: நான் எம்.எஸ்சி. படிக்கிறேன். கருவுக்கு பாதிப்புன்னு எலிய வச்சு எப்படி முடிவு பண்றாங்க?

நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நீளமா சொல்றேன். ஓஇசிடிங்கிற பல நாடுகளோட கூட்டமைப்பு போட்ட 414னு ஒரு சோதனை வழிமுறை இருக்கு. ஒரு குரூப்புக்கு சுமார் 20 கர்ப்பமான எலி கிடைக்கிற மாதிரி மூணு டோஸ் குரூப், கூடவே ஒப்பிட்டுப் பாக்க இந்த கெமிக்கல் கொடுக்காத ஒரு குரூப், கரு கர்ப்பப்பைல ஒட்டுற நாள்லேர்ந்து தினமும் வாய் வழியா கொடுப்பாங்க, பிரசவத்துக்கு முந்தின நாள் வாக்குல திறந்து பாப்பாங்க. மொதல்ல சினைப்பைல எத்தனை கார்பஸ் லூட்டியம்னு எண்ணணும், அது எத்தனை முட்டை வெளிய வந்துச்சுங்கிற கணக்கு. அப்புறம் எத்தனை ஒட்டுச்சு, எத்தனை கரைஞ்சு போச்சு, எத்தனை உயிரோட இருக்கு. குட்டிங்கள்ல பாதிய அலிசரின் சிவப்புங்கிற எலும்புல ஒட்டுற சாயத்துல ஊற வச்சு எலும்ப பாப்பாங்க, மீதிய உள்ளுறுப்புக்கு. வயித்துல ஒண்ணுமே இல்லாத எலின்னா அத அப்படியே விட்டுடக் கூடாது, கர்ப்பப்பைய அமோனியம் சல்ஃபைடுல போட்டா கரு ஒட்டிட்டு கரைஞ்ச இடம் கறுப்பா தெரியும், கர்ப்பமே ஆகலையா இல்ல ஆகி போச்சாங்கிறது அப்பதான் தெரியும்.

டிஹெச்எஃப்ஏல இதுதான் முக்கியமான விஷயம். எலிக்கு தினமும் கிலோவுக்கு 500 மி.கி. கொடுத்தப்ப எல்லா கருவும் ஆரம்பத்துலயே கரைஞ்சு போச்சு. 100ல குட்டிங்க எடை கொறஞ்சுது. 50ல ஒண்ணும் தெரியல.

இன்னொண்ணு, நிறைய பசங்க தப்பு பண்ற இடம். 20 தாய், 240 குட்டின்னா உங்க எண்ணிக்கை 240 இல்ல, 20. ஒரே வயித்துல இருக்குற குட்டிங்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டது, தாயதான் எண்ணணும். இத மறந்துட்டு போட்ட புள்ளிவிவரத்த நான் திருப்பி அனுப்பிடுவேன்.

கேள்வி: அவ்வளவு டோஸ் கொடுத்தா தாய் எலிக்கே முடியாம போயிருக்கும், அதனால கரு போயிருக்கலாமே சார்?

மேடம்னு சொல்லுங்க பரவால்ல. நியாயமான சந்தேகம்தான், தாயோட எடை, சாப்பாடு, நடமாட்டம் எல்லாம் கூடவே பாக்குறதே அதுக்குத்தான். ஆனா தாய் கொஞ்சம் சோர்ந்துச்சுங்கிறத வச்சு எல்லா கருவும் போனத விளக்கிட முடியாது, "எல்லாம் தாய்க்கு முடியாததாலதான்"னு சொல்லி ஒதுக்குறத நான் ஏத்துக்க மாட்டேன்.

கேள்வி: எலில தெரியலைன்னா மனுஷனுக்கும் ஒண்ணும் ஆகாதா?

அப்படி சொல்லவே முடியாது. தாலிடோமைட் 1957ல மேற்கு ஜெர்மனில விற்பனைக்கு வந்து 1961ல நிறுத்துறதுக்குள்ள உலகம் முழுக்க 10,000 குழந்தைங்களுக்கு மேல கை கால் குறையோட பொறந்துச்சு. எலி அதுக்கு பெருசா அசையல, முயல் காட்டிக் கொடுத்துச்சு. எலியோட சேத்து முயல்லயும் சோதனை கேக்குறது அதனாலதான்.

கேள்வி: அக்கா நான் இப்ப 9 வாரம். ரெண்டு மாசமா இந்த சால்வென்ட்ல பாகம் துடைக்கிற வேலை, சில நாள் கையுறை இல்ல. ராத்திரி தூக்கம் வரல.

மொதல்ல ஒண்ணு சொல்றேன் தங்கச்சி, பட்டுச்சுங்கிறதுக்காக பாதிச்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல. தோல்ல பட்டது மொத்தமும் உள்ள போகாது. ஆனா இனிமே ஒரு நாள் கூட தொடாதீங்க. ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், இது சட்டத்துல இருக்குற வரம்பு இல்ல, நான் பயன்படுத்துற தோராயம். எலில பாதிப்பு தெரியாத 50ஐ நூறால வகுப்போம், எலிலேர்ந்து மனுஷனுக்கு ஒரு பத்து, ஆளுக்கு ஆள் வித்தியாசத்துக்கு ஒரு பத்து. 60 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மி.கி. வரும். இந்த சால்வென்ட் ஒரு சொட்டே அதுக்கு மேல இருக்கும். அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன். நாளைக்கே டேட்டா ஷீட்ட பிரின்ட் எடுத்து (2, 3, 11வது பகுதி முக்கியம்) உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, எத்தனை நாள், எவ்வளவு நேரம், கையுறை எப்ப இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க, ஸ்கேன் எப்ப எதுன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. சூப்பர்வைசர்கிட்ட வேற வேலை எழுத்துல கேளுங்க. இத கேக்குறது உங்க உரிமை, யாரும் உங்களுக்கு செய்ற உதவி இல்ல.

கேள்வி: அப்ப மாத்து என்ன? என்எம்பிக்கு பதிலாத்தான் இத கொண்டு வந்தோம்.

என்எம்பிங்கிற அந்த பழைய சால்வென்ட்டுக்கும் அதே பெரிய டி இருக்கு, ஒரு குழிலேர்ந்து ஏறி இன்னொரு குழில இறங்கின கதைதான். எத்தில் லாக்டேட்டும் செடிச் சர்க்கரைலேர்ந்து வர்றதுதான், அதுக்கு இந்த வகைப்பாடு இல்ல, ஆனா கண்ணுக்கு கடுமையான பாதிப்பு, தீயும் பிடிக்கும், அதுக்கு ஏத்த ஏற்பாடு வேணும். உங்க வேலைக்கு கரைக்குதான்னு சின்ன அளவுல பாத்துட்டு மாத்துங்க.

கேள்வி: ஆம்பளைங்க நாங்க கவலைப்பட வேண்டியதில்லைல்ல?

அந்த சின்ன எஃப் உங்களுக்கும் சேத்துதான் அண்ணா. அதிக டோஸ்ல எலியோட விதைப்பைலயும் மாற்றம் பாத்திருக்காங்க. மனுஷனுக்கு ஒரு விந்தணு உருவாக கிட்டத்தட்ட 74 நாள், அதனால குழந்தைக்கு பிளான் பண்றீங்கன்னா ஒரு மூணு மாசம் முன்னாடியே இதுலேர்ந்து தள்ளி இருங்க. கையுறை எதுன்னு டேட்டா ஷீட்ல 8வது பகுதி சொல்லும், கடைல கிடைக்கிற எந்த ரப்பரோ அத மாட்டிக்காதீங்க. வேலை சட்டைய வீட்டுக்கு கொண்டு போய் மத்த துணியோட ஊற வைக்காதீங்க, அத துவைக்கிறது பெரும்பாலும் உங்க வீட்டம்மாதான்.