கப்பல் சொற்கள் தெரியாமல் கடற்போர் நாவல் படிக்க முடியுமா?

கேள்வி: பாய்மரக் கப்பல் காலத்து நாவல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். பக்கத்துக்குப் பத்து சொற்கள் புரியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு படிக்க வேண்டுமா, தாண்டிப் போகலாமா?

பதில்: தாண்டிப் போங்கள். நானும் முதலில் அகராதியோடுதான் உட்கார்ந்தேன். பேட்ரிக் ஓப்ரியன் 1969-இல் வெளியிட்ட 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்'. ஒரு கயிற்றுக்கு ஒரு பெயர், அதே கயிறு அடுத்த பாய்க்குப் போனால் வேறு பெயர். தேடித் தேடிப் படித்ததில் கயிறுகள்தான் மிஞ்சின, கதை கைநழுவிப் போனது. நாற்பது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து, வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று மறுபடி எடுத்தேன். இந்த முறை அகராதி இல்லை. ஒவ்வொரு காட்சியிலும் ஒரே கேள்வி: காற்று எங்கிருந்து அடிக்கிறது? பென்சிலால் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுவேன், அவ்வளவுதான். சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்றை எதிர்த்து நேராகப் போகாது; ஏறக்குறைய 67 டிகிரியாவது விலகித்தான் போக முடியும். அதனால் காற்று வரும் பக்கத்தில் நிற்பவன் நினைத்தபோது பாய்ந்து வரலாம். மறுபக்கம் இருப்பவனுக்கு அவன் மீது ஏறிப்போய்த் தாக்குவது லேசில்லை. இது பிடிபட்டதும் பாதிச் சொற்கள் தானாக விளங்கின. மீதிப் பாதி இன்றுவரை எனக்குத் தெரியாது, ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்புறம் ஒரு விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. நம் குழப்பத்தை ஓப்ரியன் முன்பே யோசித்து வைத்திருக்கிறார். 1800 ஏப்ரல், மினோர்க்கா தீவின் போர்ட் மஹோனில் ஓர் இசைக் கச்சேரி. கப்பல் கிடைக்காத பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜாக் ஆப்ரி தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் ஒரு இடி கொடுக்கிறார். அவர்தான் மருத்துவர் ஸ்டீபன் மாட்யூரின். அன்றிரவே ஆப்ரிக்குச் சோஃபி என்ற சின்னக் கப்பலின் பொறுப்பு கிடைக்கிறது, மருத்துவரும் ஏறிக்கொள்கிறார். மனிதருக்கு நாலு மொழி தெரியும், பறவைகள் தெரியும், கப்பல் மட்டும் தெரியாது. ஒரு இளம் மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சியில் இருக்கும் அதிகாரி, அவரைப் பாய்மரத்தின் மேலே ஏற்றிக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டும் இடம் முக்கியமானது. அங்கே பாடம் கேட்பவர் நாம்தான். கேட்டதெல்லாம் அவர் மனதில் நிற்பதில்லை. சரி, நமக்கும் நிற்க வேண்டியதில்லை.

காற்றுக்கு அடுத்தபடி பணத்தைக் கவனியுங்கள். பிடிபட்ட கப்பலின் மதிப்பைப் பங்கு போடுவார்கள். அன்றைய விதிப்படி எட்டில் மூன்று பங்கு வரை கேப்டனுக்கு, அதிலும் ஒன்று பெரும்பாலும் மேலே இருக்கும் அட்மிரலுக்குப் போய்விடும். ஆப்ரி கொள்ளைக்குத்தான் அலைகிறாரா என்று சோஃபியின் லெப்டினன்ட் ஜேம்ஸ் டில்லனுக்கு வரும் சந்தேகத்தின் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது. இந்தக் கணக்கு தெரியாதவரை அவர்கள் இருவரும் ஏன் முறைத்துக்கொள்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாவலின் பெரிய சண்டை உண்மையில் நடந்தது. 1801 மே 6 அன்று பார்சலோனாவுக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படையின் தாமஸ் காக்ரேன் தன் ஸ்பீடி கப்பலில் 54 பேரோடு, 319 பேர் இருந்த எல் காமோ என்ற ஸ்பானியக் கப்பலைப் பிடித்தார். ஸ்பீடியின் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து ஒரு தடவை சுட்டால் 28 பவுண்டு குண்டு. எதிரிக்கு ஏறக்குறைய 190. காக்ரேன் ஒட்டிப்போய் நின்றார். எதிரியின் பீரங்கிகள் உயரத்தில் இருந்ததால் குண்டுகள் தலைக்கு மேலே பாய்களைக் கிழித்துக்கொண்டு போயின. அந்த அத்தியாயத்தை முடித்ததும் இந்த வரலாற்றைத் தேடிப் படியுங்கள், முன்னால் வேண்டாம். காக்ரேனின் லெப்டினன்ட் பலத்த காயத்தோடு பிழைத்தார். நாவலில் டில்லன் பிழைக்கவில்லை. ஓப்ரியன் வரலாற்றை மாற்றிய அந்த இடத்தில், முந்தைய அத்தியாயங்களில் டில்லன் பேசியதையெல்லாம் நான் திரும்பப் போய்ப் படித்தேன்.

மாற்றாமல் விட்டதும் ஒன்று உண்டு. எதிரிக் கப்பலில் ஏறிச் சண்டை போட ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்டதால், காக்ரேன் சுக்கானைத் தன் கப்பல் மருத்துவரிடம் விட்டுவிட்டுப் போனார். சோஃபியிலும் அதேதான். எல்லோரும் குதித்துப் போனபின், கயிற்றின் பெயர்கூடச் சரியாகத் தெரியாத மாட்யூரின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.