மலையில கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க கேட்டதும் நான் சொன்னதும்

குன்னூர்ல சிஸ்டம் சர்வீஸ் பண்றவன் நான். தென்மேற்கு மழை புடிச்சதுலேர்ந்து போன் ஓயல. பாதி பேருக்கு பார்ட்ஸ் எதுவும் போயிருக்காது, ஈரமும் எர்த்தும்தான் பிரச்சினையா இருக்கும், ஆனா கடையில மதர்போர்டு மாத்தணும்னு சொல்லி பயமுறுத்தி அனுப்பியிருப்பாங்க. அதான் கேள்வியெல்லாம் ஒண்ணா கேளுங்கன்னு சொன்னேன்.

கோத்தகிரி, காலேஜ் பொண்ணு: அண்ணா, பத்து பதினஞ்சு நாள் ஊர்ல இல்ல. வந்து ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல, பீப் பீப்னு விடாம கத்துது. மதர்போர்டு அவுட்னு ஒரு கடையில சொல்றாங்க.

அவசரப்படாதம்மா. மழைக்காலத்துல மூடி கிடந்த வீட்டுல இந்த மாதிரி ஆச்சுன்னா நான் முதல்ல பார்க்கிறது ரேம்தான். ரேமோட அடியில தங்க கலர்ல வரிசையா பல்லு மாதிரி இருக்கும்ல, அதுலயும் அது உக்கார்ற ஸ்லாட்டுலயும் ஈரம் பட்டு ஒரு மெல்லிய அழுக்கு படிஞ்சிரும், கண்ணுக்கே தெரியாது, ஆனா கான்டாக்ட் கிடைக்காது. பிளக்க சுவத்துலேர்ந்து உருவிரு, ஸ்விட்ச் ஆஃப் மட்டும் பத்தாது. அப்புறம் பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அமுக்கிப் புடி, உள்ள மிச்சம் இருக்க கரண்ட் இறங்கிரும். சைடு பேனலை கழட்டி, பெயின்ட் இல்லாத இரும்புல ஒரு தடவ கைய வச்சிட்டு ரேமைத் தொடு, கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இந்த வேலை வேணாம், ஸ்டாட்டிக் வரும். ரெண்டு பக்க கிளிப்பையும் வெளிய தள்ளுனா ரேம் தானா எழும்பும். பல்லு இருக்க இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச துணியால துடை, மெடிக்கல்ல கேட்டாலே கிடைக்கும். அது இல்லன்னா ஸ்கூல் பசங்க வச்சிருக்க வெள்ளை ரப்பரால லேசா தேய்ச்சு தூளை நல்லா தட்டி விடு, ஸ்லாட்டுக்குள்ள தூள் விழக்கூடாது. திருப்பி போடும்போது ரெண்டு பக்கமும் டிக்னு சத்தம் கேக்கணும், பயந்து பயந்து அமுக்குனா பாதிதான் உக்காரும். ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணொண்ணா போட்டுப் பாரு, ஸ்லாட்டையும் மாத்திப் பாரு. இதுக்கெல்லாம் அசையலன்னா அப்புறம் மதர்போர்டு பத்தி பேசலாம்.

அதே பொண்ணு, சாயங்காலம்: வந்துருச்சுண்ணா!! ஆனா தேதி 2015 ஜனவரின்னு காட்டுது, பேங்க் சைட்டு, ஜிமெயில் எதுவும் ஓபன் ஆகல, கனெக்ஷன் பாதுகாப்பா இல்லன்னு சிவப்பா வருது. வைரஸா?

வைரஸ் இல்ல. மதர்போர்டுல ரூபாய் காசு சைஸுக்கு ஒரு வெள்ளி பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். வாட்ச் கடையிலயே கிடைக்கும். அது செத்துப்போனா பிளக்க உருவுனதும் தேதி மறந்துரும். வெப்சைட்டுக்கெல்லாம் சர்டிபிகேட்னு ஒண்ணு உண்டு, இந்த தேதிலேர்ந்து இந்த தேதி வரைக்கும் செல்லும்னு, உன் சிஸ்டம் 2015ல உக்காந்துட்டு பார்த்தா அதெல்லாம் இன்னும் பொறக்கவே இல்ல, அதான் கதவை சாத்துது. புது பேட்டரி போட்டதும் பயாஸுக்குள்ள, அதான் விண்டோஸ் ஏறுறதுக்கு முன்ன வர்ற செட்டிங் ஸ்கிரீனுக்குள்ள, போய் தேதி செட் பண்ணு. ஒரு விஷயம், பேட்டரி போனா பயாஸ் செட்டிங் எல்லாமே கம்பெனி செட்டிங்குக்கு போயிரும், அதுல சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோட பேசுற முறை, மாறிருச்சுன்னா விண்டோஸ் ஏறாம நீல ஸ்கிரீன் வரும். அப்ப ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாத, ஏஹெச்சிஐ, ரெய்டுன்னு இருக்கும், முன்ன எதுல இருந்துச்சோ அதுக்கு மாத்துனா சரியாயிரும்.

ஊட்டி, பிங்கர்போஸ்ட்: சார், இவ்ளோ உயரத்துல ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் போயிரும்னு ஒருத்தர் சொல்றாரு. நெசமா? டிசம்பர்ல காலையில ஆன் பண்ணா வேற கரகரன்னு சத்தம்.

அவர் சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா நம்ம ஊருக்கு பொருந்தாது. ஹார்ட் டிஸ்க்குல தகவலைப் படிக்கிற ஹெட்டு சுத்துற தட்டுமேல உரசாம ஒரு மெல்லிய காத்து மெத்தையில மிதக்குது, காத்து ரொம்ப மெலிஞ்சா மிதக்க முடியாது. அதனால சாதாரண டிஸ்க்குக்கு 10,000 அடி, அதாவது 3,048 மீட்டர் வரைக்கும்னு கம்பெனிக்காரனே போட்டிருப்பான். ஊட்டி 2,240 மீட்டர் சுமார், தொட்டபெட்டா உச்சியிலேயே 2,637தான். தாராளமா ஓடும். காத்து அடர்த்தி இங்க அஞ்சுல ஒரு பங்கு குறைவுங்கறதால ஃபேன் கொஞ்சம் கூட சுத்தணும், ஆனா குளிர் அதை ஈடு கட்டிரும்.

சத்தம் விஷயம் வேற. உறைபனி விழுற காலையில ரூமுக்குள்ளயே 5 டிகிரிக்கு கீழ போனா டிஸ்க்குக்கு கஷ்டம், நிறைய மாடலுக்கு குறைஞ்சபட்சமே 5 டிகிரிதான். ஃபேன் பேரிங்ல இருக்க எண்ணெயும் கெட்டியாகி ஆன் பண்ணதும் முனகும், பத்து நிமிஷத்துல அடங்குனா அது ஃபேன். அடங்காம டக்கு டக்குன்னு தட்டுனா அது டிஸ்க், போட்டோ எல்லாம் அன்னைக்கே காப்பி எடுத்துருங்க. வெயில் வந்தப்புறம் ஆன் பண்ணுங்க, அவ்ளோதான்.

மஞ்சூர், டீ எஸ்டேட் குவார்ட்டர்ஸ்: சிபியு பெட்டிய தொட்டா சுர்ருன்னு அடிக்குதுங்க. செருப்பு போட்டா அடிக்கல. எஸ்எம்பிஎஸ், அதான் உள்ள இருக்க பவர் சப்ளை, ரெண்டு மாத்தியாச்சு.

மூணாவதும் மாத்திராதீங்க, அதுவும் அடிக்கும். எஸ்எம்பிஎஸ்ல தப்பே இல்லைங்க, உங்க பிளக் பாயிண்ட்ல எர்த் வரல. எஸ்எம்பிஎஸ்குள்ள இரைச்சலை வடிகட்ட குட்டி கெப்பாசிட்டர் ரெண்டு இருக்கும், ஒண்ணு ஃபேஸ்லேர்ந்து பெட்டிக்கு, இன்னொண்ணு நியூட்ரல்லேர்ந்து பெட்டிக்கு. அது வழியா கசியுற துளி கரண்ட் எர்த் கம்பியில இறங்கிப் போகணும்னுதான் டிசைனே. எர்த் இல்லன்னா போக வழியில்லாம பெட்டி 230ல பாதி, 115 வோல்ட் கிட்ட நிக்கும். கரண்ட் ரொம்ப கம்மி அதனால சுர்ருங்குது, ஆளைத் தூக்காது, ஆனா அதே பெட்டியில நாளைக்கு நெசமாவே ஃபேஸ் லீக் ஆச்சுன்னா காப்பாத்த எதுவும் இல்ல, ஃபியூஸும் போகாது.

வயர்மேனை கூப்பிட்டு மல்டிமீட்டர் வச்சு பாக்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 கிட்ட வரணும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல வரக்கூடாது. பழைய குவார்ட்டர்ஸ்ல எர்த் வயரே இழுத்திருக்க மாட்டாங்க, பிளக்ல மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருக்கும். குழி இருந்தாலும் நம்ம பக்கம் கீழ பாறை, பிப்ரவரி மார்ச்ல மண்ணு காஞ்சா எர்த் செத்துரும், குழியில தண்ணி ஊத்தணும். சில பேரு நியூட்ரலையே எர்த் பின்ல சேத்து ஜம்பர் அடிச்சு குடுப்பாங்க, அப்படி செஞ்சா உடனே அவுக்கச் சொல்லுங்க, வெளிய நியூட்ரல் கட் ஆனா பெட்டி முழுக்க 230 வந்துரும், சாவு அது. குந்தாவுலயும் பைக்காராவுலயும் கரண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் குடுக்கிற மாவட்டம் நம்மளது, வீட்டுக்குள்ள எர்த் இல்லாம உக்காந்திருக்கோம்.

கூடலூர்: மே மாச இடியில மோடம் போச்சு, சிஸ்டத்துல லேன் போர்ட்டும் போச்சு. ஃபைபர் கனெக்ஷன்ல கரண்ட் வராதுன்னாங்களே?

கண்ணாடி இழையில வராது, சரிதான். ஆனா மோடத்துக்கு ஒரு அடாப்டர் சொருகியிருக்கீங்கல்ல, இடி அடிச்சா கரண்ட் லைன் வழியா அதுக்குள்ள வந்து மோடத்தை முடிச்சு, லேன் கேபிள்ல நடந்து போர்டு வரைக்கும் வந்திருக்கு. போஸ்ட்டுலேர்ந்து வீட்டுக்கு இழுத்த ஃபைபர் கேபிள்ல தாங்கு கம்பின்னு இரும்பு ஒண்ணு இருக்கும் பாருங்க, சில இடத்துல அதுவும் வழி குடுக்கும். வானம் கறுத்தா சிஸ்டம் பிளக், மோடம் அடாப்டர், லேன் கேபிள் மூணையும் உருவணும், ஸ்விட்ச் ஆஃப் பண்றது மின்னலுக்கு ஒரு தடையே இல்ல. ஸ்பைக் பஸ்டர் வாங்கலாம், ஆனா எர்த் இல்லாத வீட்டுல அதை நம்பி இருக்க முடியாது.

போர்டு மாத்தாதீங்க. யுஎஸ்பில சொருகுற லேன் அடாப்டர் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும், வேலை முடிஞ்சது.

லவ்டேல்: ஈரம் படக்கூடாதுன்னு சிபியுவை பாலிதீன் கவர் போட்டு கட்டி வைக்கிறேன். ராத்திரி ஹீட்டர் பக்கத்துல வைக்கலாமா?

ரெண்டும் வேணாம்க்கா. கவர் போட்டா உள்ள இருக்க ஈரம் வெளிய போக முடியாம அங்கேயே வேர்க்கும். பருத்தித் துணி போதும், அதுவும் ஆஃப் பண்ணி சூடு ஆறினப்புறம். ஹீட்டர் பக்கத்துல வச்சா ஒரு பக்கம் மட்டும் சுடும், ஹீட்டரை அணைச்சதும் குளிர்ந்து தண்ணி கோத்துக்கும். ஹேர் டிரையரும் அடிக்காதீங்க. நல்ல வழி என்னன்னா மழைக்காலத்துல தினம் ஒரு மணி நேரம் வேலை இல்லன்னாலும் ஓட விடுங்க, அதோட சூடே அதை காய வச்சிரும். தரையில வைக்காதீங்க, மழை அடிக்கிற பக்கத்து சுவரை ஒட்டியும் வைக்காதீங்க, ஒரு ஜாண் தள்ளி இருக்கட்டும். விறகு அடுப்பு, கணப்பு இருக்க ரூம்லயும் வேணாம், அந்தப் புகை பிசுபிசுன்னு ஃபேன்ல ஒட்டுனா தூசி மாதிரி ஊதி எடுக்க முடியாது, சுரண்டணும்.

அருவங்காடு, ரிட்டயர்டு: தம்பி, என்கிட்ட 6வது ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி, விண்டோஸ் 10. ஆன் ஆக அஞ்சு நிமிஷம். சப்போர்ட் முடிஞ்சதுன்னு வேற காட்டுது. புதுசு வாங்கணுமா?

வாங்க வேணாம் சார். ஸ்லோவுக்கு காரணம் ப்ராசஸர் இல்ல, பழைய ஹார்ட் டிஸ்க். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதான் சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க், ஒண்ணு போட்டு ரேமை 8 ஆக்குனீங்கன்னா அரை நிமிஷத்துக்குள்ள ஏறும், பழைய டிஸ்க்கை போட்டோ வைக்க உள்ளயே விட்ரலாம். ரேம் வாங்குறதுக்கு முன்ன டிடிஆர்3யா 4ஆன்னு பாத்துக்கோங்க, 6வது ஜெனரேஷன் போர்டுல ரெண்டும் வந்துச்சு.

சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது நெசம். விண்டோஸ் 11க்கு இன்டெல்ல 8வது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பும் கேக்குறாங்க, உங்களுது வராது. யூடியூப் பாத்து குறுக்கு வழியில ஏத்துறாங்க, பேங்க் வேலை பாக்குற சிஸ்டத்துல நான் செய்ய மாட்டேன். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல சைன் இன் பண்ணா செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துல கூடுதல் செக்யூரிட்டி அப்டேட்டுக்கு பதிவு பண்ற வழி இருக்கு, அது 2026 அக்டோபர் 13 வரைக்கும். அதுக்கப்புறம் விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்னு இலவச சிஸ்டம் போட்டுக்கலாம். பேப்பர் படிக்க, மெயில், பேரப்பசங்களோட வீடியோ கால், இவ்ளோதான்னா இப்பவே போடலாம். பென்டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாக்கலாம், புடிச்சா வச்சுக்கோங்க. அப்புறம் மைக்ரோசாப்ட்லேர்ந்து பேசுறோம்னு போன் வந்தா கட் பண்ணிருங்க சார், அவங்க யாருக்கும் போன் பண்றதில்ல. காசு போயிருந்தா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க.

எமரால்டு: யூபிஎஸ் ரெண்டு நிமிஷம்கூட தாங்கல.

பேட்டரி 12 வோல்ட் 7 ஏஹெச், மூணு வருஷம் தாண்டியிருந்தா மாத்துங்க. குளிர்ல பேட்டரி குடுக்கிறதும் குறையும், தரையிலேர்ந்து தூக்கி வைங்க. பிரின்டரை யூபிஎஸ்ல சொருகாதீங்க, லேசர்னா கண்டிப்பா கூடாது. பழைய பேட்டரிய கடையில எக்ஸ்சேஞ்சுக்கு குடுங்க, ஈயம் அது, குப்பையில போடக்கூடாது.

பந்தலூர், ஜெராக்ஸ் கடை: ஜூலை ஆனா பிரின்டர்ல ரெண்டு மூணு பேப்பர் சேந்து போகுது, ஜாம் ஆகுது. ரோலர் மாத்தியும் அப்படியே.

பேப்பரை மாத்துங்கண்ணா, ரோலரை இல்ல. தேவாலா பந்தலூர் மழைக்கு பேப்பர் ஈரம் குடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஓரம் சுருண்டுக்கும். லேசர்ல இருந்து ஆவி வர்றதை பாத்திருப்பீங்க, அது புகை இல்ல, பேப்பர்ல இருந்த தண்ணி. பிரிச்ச கட்டை மூடி போட்ட டப்பாவுல வைங்க, டிரேயில இருபது முப்பது ஷீட்டுக்கு மேல விட்டுட்டு ராத்திரி பூட்டாதீங்க. போடுறதுக்கு முன்ன விசிறி விட்டு போடுங்க.

கேத்தி: வாரன்டி வேலைக்கு கோயம்புத்தூர் எடுத்துட்டு போகணும். டெஸ்க்டாப்பை கார்ல எப்படி கொண்டுபோறது?

பிரச்சினை டிஸ்க்குல இல்லன்னா ஹார்ட் டிஸ்க்கை கழட்டி வீட்டுலயே வச்சிட்டு போங்க, உங்க போட்டோ அங்க எதுக்கு. பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தா அதையும் கழட்டி தனியா, பர்லியார் வளைவுல அதோட வெயிட்டே ஸ்லாட்டை பேத்துரும். பெட்டிய மதர்போர்டு அடிப்பக்கம் வர்ற மாதிரி படுக்க வச்சு கீழ ஒரு போர்வை. மேட்டுப்பாளையம் இறங்குனதும் ஒரு விஷயம் நடக்கும், குளிர்ந்த பெட்டியில சூடான ஈரக் காத்து பட்டு உள்ள தண்ணி கோத்துக்கும், குளிர்ல இருந்து வந்தா கண்ணாடி மூடிக்கும்ல அதே கதை. அதனால கடைக்கு போனதும் ஆன் பண்ண விடாதீங்க, ரெண்டு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லுங்க. பில்லுல மாடல் நம்பர் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க. வாரன்டியில மாத்துன பார்ட்டை அவங்க எடுத்துக்குவாங்க, காசு குடுத்து மாத்துனதுன்னா பழசை கேட்டு வாங்கிட்டு வந்து என்கிட்ட காட்டுங்க, நெசமாவே போனதான்னு பாத்து சொல்றேன்.